வாளியும் பஞ்சும்

2017-ம் வருஷம் ஜனவரி மாதம் 28-ந் தேதி பொழுது புலருமுன், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிக்கொண்டிருந்த ‘பி. டபிள்யூ. மேப்பிள்’, மற்றொன்று, பெட்ரோலியச் சரக்குடன் உள்ளே வந்துகொண்டிருந்த ‘டான் காஞ்சீபுரம்’. எண்ணெயினால் கடலுக்குத் தீங்கு எதுவும் இல்லை என்றுதான் துறைமுகத்திலிருந்து முதலில் அறிவிப்பு வந்தது. அடுத்த சில தினங்களில் எர்ணாவூர்க் கரையில் வந்து ஒதுங்கிய கறுப்புக் குழம்பு அந்த அறிவிப்புக்குப் பதில் சொல்லிற்று. கடலில் கலந்தது சுமார் 200 டன் என்று பின்னர் நிபுணர்கள் கணக்கிட்டனர். உறிஞ்சு குழாய் பூட்டிய லாரிகளைக் கொண்டுவந்தார்கள். குழம்பின் கனம் தாளாமல் அவை பெரும்பாலும் பயன்படாமற் போயின. கடைசியில் வாளிகள் வந்தன. செம்படவர்களும், மாணவர்களும், காவல்படை வீரர்களும் பாறைகளின்மேல் வரிசையாக நின்று, கிணற்றில் தூர் வாருவதுபோல எண்ணெயைக் கைமாற்றி எடுத்த காட்சியை உலகமெல்லாம் பார்த்தது.

ஆறு வருஷங்கள் கழிந்தன. 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயல் மழையின்போது, மணலியிலுள்ள பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையின் பக்கமிருந்து வெள்ளத்தோடு வெளிப்பட்ட எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. அப்பொழுதும் படகுகளில் சென்று கழியிலிருந்து எண்ணெயை அள்ளியவர்கள் அந்தக் குப்பங்களின் ஜனங்களே. வலைகள் கெட்டன, படகுகள் கெட்டன, கூழைக்கடாக்கள் இறகில் எண்ணெய் படிந்து பறக்கமாட்டாமல் நின்றன. முதல் சில நாட்களில் பலருக்குக் கையுறைகூட இல்லை. ஆறு வருஷத்தில் நாம் கற்றது இவ்வளவுதானா என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

இந்த விஷயத்தை இப்போது எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. தண்ணீரிலிருந்து எண்ணெயை உறிஞ்சும் அற்புத வஸ்துக்களைப்பற்றி ஆராய்ச்சிக்கூடங்களிலிருந்து அடிக்கடி செய்திகள் வருகின்றன. 2013-ல் சீனாவில் செஜியாங் சர்வகலாசாலையார் கிராபீன் என்னும் கரிப்பொருளைக்கொண்டு காற்றினும் லேசான ஒரு கடற்பஞ்சு செய்து, அது தன் எடையைப்போல் 900 மடங்குவரை எண்ணெய் குடிக்கிறது என்று அறிவித்தனர். 2017-ல் அமெரிக்காவில் ஆர்கான் ஆராய்ச்சி நிலையத்தார், தங்கள் ‘ஒலியோ ஸ்பாஞ்சு’ 90 மடங்கு குடிக்கும் என்றும், பிழிந்துவிட்டு மறுபடியும் உபயோகிக்கலாம் என்றும் சொன்னார்கள். நல்ல செய்திகளே, அந்த விஞ்ஞானிகளின் உழைப்பை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இச்செய்திகளைப் படிக்கும் நம்மவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டாகிறது. மடங்குக் கணக்கில் எது அதிகமோ அதுவே சிறந்தது என்றும், அது கடைக்கு வரும்வரை காத்திருப்பதைத் தவிர நமக்கு வேறு வேலையில்லை என்றும் எண்ணிவிடுகிறார்கள். இந்த எண்ணம் தவறு என்று காட்டவே இதை எழுதுகிறோம்.

மடங்கு என்பது எப்படிக் கணக்கிடப்படுகிறது? ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு பாத்திரத்தில் எண்ணெயை ஊற்றி, அதில் பொருளை முக்கி எடுத்து, சொட்டுவது வடியவிட்டு, நிறுத்துப் பார்க்கிறார்கள். அங்கே அலை இல்லை, வண்டல் இல்லை, உப்பங்கழியின் குப்பை இல்லை. கடலில் பொருள் முதலில் தொடுவது தண்ணீரைத்தான். தண்ணீரைக் குடித்து நிறைந்துபோன பொருளுக்கு எண்ணெய்க்கு இடம் ஏது? ஆகையால் ஒரு பொருளைப்பற்றி நாம் முதலில் கேட்கவேண்டியது, அது எவ்வளவு எண்ணெய் குடிக்கும் என்பதைவிட, எவ்வளவு தண்ணீரை மறுக்கும் என்பதே. அடுத்தபடி, எண்ணெய் நிறைந்த பிறகும் அது மிதக்குமா என்று கேட்கவேண்டும். மூழ்கினால் மாசு கண்ணைவிட்டு மறையுமேயல்லாமல் கடலைவிட்டுப் போகாது.

மூழ்கடிப்பதையே ஒரு காலத்தில் பரிகாரமாகக் கைக்கொண்டதும் உண்டு. 1967 மார்ச்சில் ‘டோரி கான்யன்’ என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அருகே பாறையில் மோதி உடைந்தபோது, பிரெஞ்சுக்காரர்கள் சுண்ணக்கட்டித் தூளை ஆயிரக்கணக்கான டன் தூவி எண்ணெயைக் கடலடிக்கு அனுப்பினார்கள். இங்கிலீஷ்காரர்கள் சுமார் 10,000 டன் சலவை ரஸாயனங்களைக் கொட்டிக் கரைக்கப் பார்த்தார்கள். எண்ணெயினால் செத்த ஜீவன்களைவிட அந்த ரஸாயனங்களால் கரையோரத்தில் செத்தவை அதிகம் என்று பிற்பாடு கண்டார்கள். அந்தப் படிப்பினைக்குப் பிறகே, எண்ணெயை மிதக்கவைத்து எடுத்துவிடுவதே நல்லது என்ற கட்சி வலுத்தது.

எடுப்பதற்கு எதைக்கொண்டு எடுப்பது? மனிதர்கள் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பிரயோகித்திருக்கிறார்கள். 1969-ல் கலிபோர்னியாவில் சாண்டா பார்பராக் கடலில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது (அதுவும் ஜனவரி 28-ந் தேதிதான்) வைக்கோலை வாரியிறைத்து, எண்ணெயில் ஊறியதும் கவைகளால் வாரி எடுத்தார்கள். 2020-ல் மொரீஷியஸ் தீவில் ‘வகாஷியோ’ கப்பல் பவளப்பாறையில் சிக்கிச் சுமார் 1,000 டன் எண்ணெய் சிந்தியபோது, அந்நாட்டு ஜனங்கள் சர்க்காருக்குக் காத்திராமல் கரும்புத் தோகையைத் துணிக்குழாய்களில் அடைத்து, காலிப் பாட்டில்களைக் கட்டி மிதக்கவிட்டு அரண் போட்டார்கள். தலைமயிரையும் வெட்டிக் கொடுத்தார்கள். மயிர் எண்ணெயைப் பற்றும் என்பது வாஸ்தவம். எண்ணெய்த் தலை முழுகுகிற நமக்கு அதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆயினும் 2010-ல் மெக்ஸிகோ வளைகுடா விபத்தின்போது, தர்மவான்கள் மலைமலையாக அனுப்பிய மயிர்த் திண்டுகளை அமெரிக்க அதிகாரிகள் ஏற்கவில்லை. சோதனையில் அவை தண்ணீர் குடித்து மூழ்கின என்று காரணம் சொன்னார்கள். வைக்கோலுக்கும் தோகைக்கும்கூட அதே குறைதான். விரைவில் எடுத்துவிட்டால் சரி, விட்டுவைத்தால் ஊறிக் கனத்துவிடும்.

இப்பொழுது உலகத்துத் துறைமுகங்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது பாலிபுரொப்பிலீன் என்ற செயற்கை நாரில் செய்த விரிப்புகளையும் திண்டுகளையும். அது பெட்ரோலியத்தில் பிறந்த பண்டம். தன் இனத்தை அடையாளம் கண்டுகொள்வதுபோல் எண்ணெயைப் பற்றும், தண்ணீரை மறுக்கும், தண்ணீரைவிட லேசாகையால் மிதக்கும், வருஷக்கணக்கில் கிடங்கில் கெடாமல் கிடக்கும். இந்த நற்குணங்களை மறைப்பது நியாயமல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா சொல்லுகிற பொதுக் கணக்குப்படி, வைக்கோல், மரத்தூள் முதலிய இயற்கைத் தாவரப் பொருள்கள் தம் எடையைப்போல் 3 முதல் 15 மடங்கும், களிமண், எரிமலைச் சாம்பல் போன்ற கனிமப் பொருள்கள் 4 முதல் 20 மடங்கும், செயற்கைப் பொருள்கள் 70 மடங்குவரையிலும் எண்ணெய் கொள்ளும். இந்த வரிசையைப் பார்த்துவிட்டு, செயற்கைதான் முதல், இயற்கை கடைசி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இங்கேதான் பஞ்சைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. பஞ்சு என்றவுடன் ஆஸ்பத்திரிப் பஞ்சு நினைவுக்கு வரும். அதைத் தண்ணீரில் போட்டால் உடனே குடித்து மூழ்கிவிடும். ஆகவே பஞ்சு எண்ணெய்க்கு உதவாது என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆனால் ஆஸ்பத்திரிப் பஞ்சு காரத்தில் வேகவைத்து வெளுத்த பஞ்சு. செடியிலிருந்து வந்த பஞ்சின் நார்மீது இயற்கையே ஒரு மெழுகு பூசியிருக்கிறது. எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு என்றுகூடச் சொல்லமுடியாத அந்தச் சொற்ப மெழுகு தண்ணீரை அண்டவிடுவதில்லை. அரைத்துக் கொட்டை நீக்கிய பச்சைப் பஞ்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். எண்ணெயில் போட்டால் உடனே இழுத்துக்கொள்ளும். இதைப் பிரத்தியட்சமாக நிரூபித்து 2013-ல் அமெரிக்காவில் டெக்ஸஸ் டெக் சர்வகலாசாலையிலிருந்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டவர்களில் முக்கியமானவர் சேஷாத்ரி ராம்குமார். முற்றாத, மில்காரர்கள் விலை குறைக்கிற மட்டரகப் பஞ்சில் ஒரு பவுண்டு, 30 பவுண்டுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெயைக் கொள்ளுகிறது என்று கண்டார்கள். நார் எவ்வளவுக்கெவ்வளவு மெலிந்திருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு எண்ணெய் ஒட்டிக்கொள்ளப் பரப்பு அதிகம். ஆதலால் நூலுக்கு ஆகாத பஞ்சு இந்த வேலைக்கு மேலாகிறது. மேற்படி இலாகாவின் 3 முதல் 15 என்ற வரம்பு இங்கே உடைந்து போகிறதைக் கவனிக்க வேண்டும்.

இலவம் பஞ்சு இன்னும் ஒரு படி மேல். அந்த நார் உள்ளே வெறும் குழல், காற்று அடைபட்டிருக்கிறது, மேலே மெழுகுப் பூச்சு. கப்பலில் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் ஒரு காலத்தில் அதைத்தான் அடைத்தார்கள். தளர அடைத்துச் சோதித்தபோது 30 மடங்குக்கு மேல், சில எண்ணெய்களில் 40 மடங்குக்கு மேலும் கொண்டிருக்கிறது. இறுக்கித் திணித்தாலோ எண்ணெய் நுழைய இடமில்லாமல் அந்த அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். காற்றில் பறந்துபோகிற பண்டமாதலால் வலைப்பைக்குள் அடைக்காமல் கடலில் தூவவும் முடியாது. எவ்வளவு தளர்வாக அடைப்பது என்பதில்தான் வித்தை இருக்கிறது. போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக மெத்தைக்கு இலவம் பஞ்சு அடைக்கிறவர்களுக்கு அந்த வித்தை கைவந்தது என்பதை நிபுணர்கள் மறந்துவிடக் கூடாது.

தென்னை நார்க்கழிவைப்பற்றியும் கேட்பார்கள். பொள்ளாச்சியில் குன்று குன்றாகக் கிடக்கிறதே என்பார்கள். அது தன் எடையைப்போல் எட்டு மடங்கு தண்ணீரைத் தேக்கும் குணமுள்ளது. அதற்காகத்தான் தோட்டக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அதைத் தண்ணீர்மேல் போடுவது வீண். கரையில் மணலிலும் தரையிலும் சிந்திய எண்ணெயை வாங்குவதற்கு உலர்ந்த நிலையில் உபயோகமாகலாம். தண்ணீரில் கரைந்துபோன பென்ஸீன் முதலிய விஷங்களையோ விரிப்பாலும் பஞ்சாலும் பிடிக்க முடியாது. அதற்குச் சிரட்டைக்கரியைப் பதப்படுத்திய உறிஞ்சுகரிதான் வேண்டும். அது தனி சாஸ்திரம்.

சுதேசிப் பண்டம் என்ற ஒரே காரணத்துக்காக நாம் பஞ்சுக்குப் பரிந்து பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறோம். தீப்பற்றும், எலி அரிக்கும், ஈரக்காற்றில் நாளடைவில் கெடும். பிழிந்து திரும்பத் திரும்ப உபயோகிப்பதில் செயற்கை விரிப்பு சில தடவை அதிகம் தாங்கும். மில்களில் ஒதுங்கும் வேஸ்ட் பஞ்சு சும்மா கிடைக்கும் என்பதும் தவறு. அதை வாங்கித் தடித்த நூல் நூற்கிற ஓப்பன்-எண்ட் மில்கள் கொங்குநாட்டில் நிறைய இருக்கின்றன. விலை கொடுத்துத்தான் வாங்கவேண்டும். ஆனால் இந்தக் கடைசிக் குறையிலேயே ஒரு சௌகரியமும் இருக்கிறது. கிடங்கில் ஒரு வருஷம் வைத்த பஞ்சை, உபயோகம் நேராவிட்டால், அந்த மில்களுக்கே விற்றுவிட்டுப் புதுப் பஞ்சு வாங்கி வைக்கலாம். பாலிபுரொப்பிலீன் விரிப்பை அப்படி விற்க முடியுமா?

இன்னொன்று. 2021-ல் கொழும்புக்கு வெளியே ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ எரிந்ததும், 2025 மே மாதத்தில் கொச்சிக்கு வெளியே ‘எம்.எஸ்.ஸி. எல்ஸா 3’ மூழ்கியதும் நேயர்கள் அறிந்தவையே. இரண்டிலும் எண்ணெயைவிட ஜனங்களை அலைக்கழித்தது கரையெங்கும் ஒதுங்கிய பிளாஸ்டிக் மணிகள். அலையில் கிழிந்து தவறிப்போகிற செயற்கை விரிப்பின் துணுக்கும் அந்த இனம்தான். பஞ்சு தவறினால் மக்கிவிடும். அதில் ஊறிய எண்ணெய் மக்கிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எதைக்கொண்டு எடுத்தாலும், எடுத்ததைச் சிமெண்ட்டுச் சூளையில் எரிப்பதோ, 2017-ல் செய்ததுபோல் நுண்ணுயிர்களைக்கொண்டு சிதைப்பதோ நடந்தே தீரவேண்டும்.

இனி, எண்ணூரில் இது எவ்வளவு தூரம் பயன்பட்டிருக்கும் என்று கணக்குப் பார்ப்போம். 200 டன் எண்ணெய். ஆராய்ச்சிக்கூடத்து 30 மடங்கை நம்பாமல், கடலில் 10 மடங்குதான் தேறும் என்று வைத்துக்கொண்டாலும், 20 டன் பஞ்சு போதும். பேல் ஒன்றுக்கு 170 கிலோ வீதம் 118 பேல். ஒரு நடுத்தர நூல் மில்லின் கிடங்கில் இதைவிட அதிகம் கிடக்கும்!

இந்தக் கணக்கில் ஒரு பெரிய ‘ஆனால்’ இருக்கிறது. கடலில் விழுந்த கனத்த எண்ணெய் விழுந்தபடியே இராது. அலை கடைய, தண்ணீரைத் தனக்குள் வாங்கி, தயிர்போல் இறுகி, மூன்று நான்கு மடங்கு பருத்துவிடும். அந்த நிலையில் பஞ்சானாலும் விரிப்பானாலும் உள்ளே இழுக்க மாட்டாது. மேலே அப்பிக்கொள்வதோடு சரி. எர்ணாவூர்க் கரையில் வாளி தவிர வேறெதுவும் பலிக்காமற் போனதற்கு அதுதான் காரணம். உறிஞ்சும் பொருளின் காலம் முதல் சில மணி நேரமும், பெரும் எண்ணெயை இயந்திரத்தால் வழித்தெடுத்தபின் மிஞ்சுகிற படலமுமே. நடுவில் வருகிற குழம்புக்கு அது மருந்தாகாது. ஆகவே 118 பேல் பஞ்சு கோயம்புத்தூரில் இருந்து பிரயோஜனமில்லை. விபத்து நடந்த அன்று காலையில் எண்ணூர்க் கரையில், வலைத்திண்டுகளாக அடைத்துத் தயாராக இருக்கவேண்டும். எண்ணெய் கசியவில்லை என்ற அறிவிப்பினால் கழிந்த பொழுதின் விலை என்ன என்பது இப்போது விளங்கும்.

இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கடலில் எண்ணெய் சிந்தினால் செய்யவேண்டியதைப்பற்றி 1996-லிருந்து தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. இந்தியக் கடலோரக் காவல்படை அதன் தலைமை. அத்திட்டத்தின்படி 700 டன் வரையிலான கசிவை முதலில் எதிர்கொள்ளவேண்டியது அந்தந்தத் துறைமுகமும் எண்ணெயைக் கையாளும் ஸ்தாபனமுமே. அதற்கு வேண்டிய சாதனங்களையும் அவர்களே வைத்திருக்கவேண்டும். 200 டன் அந்த அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! திட்டம் காகிதத்தில் பூரணமாகத்தான் இருந்தது. கரையில் இருந்தது வாளி.

இதிலே மற்றொரு அபாயமும் உண்டு. அதையும் பேசாமல் விட முடியாது. பஞ்சுத் திண்டு மலிவாகக் கிடைக்கிறதென்றால், கசியவிடுகிறவர்கள் கசியவிட்டபடி இருப்பார்கள், துடைக்கிற வேலை குப்பத்து ஜனங்களின் தலையில் நிரந்தரமாக விழுந்துவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். இந்தப் பயம் அர்த்தமற்றதல்ல. 2023 மார்ச்சில் நாகப்பட்டினத்தை அடுத்த பட்டினச்சேரியில் கடலோரக் குழாய் கசிந்தபோது, துடைத்தல் போதாது, குழாயையே அகற்ற வேண்டும் என்று அவ்வூர்ச் செம்படவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். அவர்கள் கட்சியிலே நியாயம் இருக்கிறது. திண்டு வைத்திருப்பது கசியவிடுவதற்கு அனுமதிச் சீட்டாகிவிடக் கூடாது. ஆலையும் கப்பலும் உள்ளவரை விபத்தும் உண்டு. அதற்காகக் கையிருப்பு வேண்டும். அதன் செலவு குழாயும் கப்பலும் உடையவர்களைச் சேரவேண்டும். அள்ளுகிறவர்களுக்கு நாட்கூலி, வைத்தியம், தொழில் நின்ற நாட்களுக்கு நஷ்டஈடு ஆகிய மூன்றும் வேலை தொடங்குமுன் எழுத்தில் வரவேண்டும்.

சர்க்காருக்கு நாம் சொல்லும் யோசனை பெரிதல்ல. பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. கோயம்புத்தூரில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. இருவரையும் சேர்த்து, மட்டரகப் பஞ்சு, இலவம் பஞ்சு, செயற்கை விரிப்பு ஆகிய மூன்றையும் எண்ணூர்க் கழியின் கலங்கல் நீரிலேயே சோதிக்கச் சொல்லட்டும். அன்று விழுந்த எண்ணெயில் ஒன்று, ஒரு நாள் அலைபட்ட எண்ணெயில் ஒன்று, மூன்று நாள் அலைபட்ட எண்ணெயில் ஒன்று என்று மூன்று நிலையிலும் பார்க்கட்டும். ஒரு டன் எண்ணெயை எடுக்க ஒவ்வொன்றிலும் ஆகும் செலவு, எடுத்ததை ஒழிக்க ஆகும் செலவு உட்பட, தமிழில் அச்சிட்டு வெளியிடட்டும். செயற்கை விரிப்பே எல்லா வகையிலும் மேல் என்று சோதனை சொன்னால் அதையே வாங்கி வைக்கட்டும், நமக்கு ஆட்சேபமில்லை. எது தேறினாலும் அது துறைமுகத்தின் பூட்டிய கிடங்கில் மட்டும் இராமல், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், காட்டுக்குப்பம் முதலிய ஊர்களிலும் ஊர்ப் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்கவேண்டும். கழியில் எண்ணெய் எந்தப் பக்கம் போகும், எந்த வாய்க்காலை முதலில் அடைக்கவேண்டும் என்பதெல்லாம் நீரோட்டம் அறிந்த அவர்களுக்குத் தெரியும்.

சோதனைக்குச் சில மாதங்கள் பிடிக்கலாம். கையுறைக்கும், முழங்கால் பூட்ஸுக்கும், மூக்குக் கவசத்துக்கும் சோதனை எதுவும் தேவையில்லை. அவற்றை இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அந்தக் குப்பங்களில் கொண்டுபோய் வைக்கலாம்.